எல்லை ஓரத்து ஊர்கள்: பாறசாலையும் நெய்யாற்றின்கரையும்



இன்று மாலை நான் ஒரு பெரிய நகரத்தின் தெற்கு வாசலில் இருக்கும் சிற்றூர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நகரம் திருவனந்தபுரம். அதைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். பத்மநாபசுவாமி கோயிலைப் பற்றிப் பேசுவார்கள், தும்பாவிலிருந்து ராக்கெட் கிளம்பிய கதையைப் பேசுவார்கள், விழிஞ்ஞத்துக்குக் கப்பல் வந்ததைப் பேசுவார்கள். அந்த நகரத்துக்கு வெளுப்பாங்காலத்தில் வாழைக்குலை ஏற்றி அனுப்புகிற ஊர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்? முதல் பாசஞ்சர் ரயிலைப் பிடிக்கச் சோற்றுப்பொதியோடு ஓடுகிற ஆண்களையும் பெண்களையும் பற்றி யார் பேசுகிறார்கள்? அவர்களைப் பற்றித்தான் என் பேச்சு.

கரமனை ஆற்றைத் தாண்டித் தெற்கே வாருங்கள். நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, ஆற்றுப் பாலம் கடந்தால் அமரவிளை, பிறகு உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை. அதோடு கேரளம் முடிகிறது என்று பலகை சொல்கிறது. அடுத்த அடியில் களியக்காவிளை, தமிழ்நாடு தொடங்குகிறது. நகரத்திலிருந்து நெய்யாற்றின்கரை சுமார் 20 கிலோமீட்டர். பாறசாலை 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்தத் தூரத்துக்குள் எந்த இடத்தில் ஓர் ஊர் முடிந்து இன்னோர் ஊர் தொடங்குகிறது என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது. மதுரைப் பக்கத்திலும் தஞ்சைப் பக்கத்திலும் ஊர் ஓரிடத்தில் கூடி இருக்கும், வயல் வெளியே பரந்திருக்கும். இங்கே ஒவ்வொரு வீடும் தன் விளைக்கு நடுவில் தனியாக நிற்கிறது. நாலு தென்னை, ஒரு பலா, கொஞ்சம் மரச்சீனி, வேலியோரம் நல்லமிளகுக் கொடி, கொஞ்சம் வசதி இருந்தால் பின்னால் ரப்பர். அடுத்த விளையில் அடுத்த வீடு. அப்படியே போனால் மாநிலம் மாறிவிடும். மரங்களும் மாறாது, வீடுகளும் மாறாது, வீட்டு முற்றத்தில் மீன் விற்கும் அம்மையின் கூப்பாடும் மாறாது.

நண்பர்களே, இந்த ஊர்களை எல்லை ஓரம் என்கிறோம். எதற்கு ஓரம்? யாருக்கு ஓரம்? நான் சொல்ல வந்தது இதுதான்: இது ஓரம் என்பது வரைபடத்தின் கணக்கு. வாழ்கிற மக்களின் கணக்கில் இது நடு. பல நூறு ஆண்டுகளாக நடுவாகவே இருந்த இடம்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைப் பக்கத்தில் பார்த்திவசேகரபுரத்தில் கோயில் கட்டி, 95 மாணவர்கள் தங்கிப் படிக்க ஒரு சாலை, அதாவது கல்விக்கூடம், ஏற்படுத்தினான். காந்தளூர்ச் சாலையைப் போல நடக்க வேண்டும் என்று செப்பேட்டில் எழுதி வைத்தான். அந்தச் செப்பேடு தமிழில் இருக்கிறது. இன்று அந்த இடம் குமரி மாவட்டத்தில் இருக்கிறது. ஆய் மன்னர்களின் விழிஞ்ஞம் திருவனந்தபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. கருநந்தடக்கனுக்கு இடையில் ஏது எல்லை?

திருவிதாங்கூரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலைநகரம் முதலில் பத்மநாபபுரம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில்தான் திருவனந்தபுரத்துக்கு மாறியது. இரண்டு தலைநகரங்களையும் இணைத்த பாதை இந்த ஊர்கள் வழியாகத்தான் போனது. அரசை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்தியபோது மார்த்தாண்டவர்மா ஒளிந்து உயிர் தப்பியது ஒரு பலாமரப் பொந்தில் என்று சொல்வார்கள். அம்மச்சிப் பிலாவு என்ற அந்த மரம் நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில்தான் இருக்கிறது. ஒரு நாட்டின் அரசனுக்கு அடைக்கலம் தந்த ஊர் அது.

அந்தப் பாதையில் இன்றும் ஆண்டுக்கு ஒருமுறை என்ன நடக்கிறது தெரியுமா? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். நவராத்திரி வந்தால் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து தேவாரக்கட்டு சரஸ்வதி புறப்படுகிறாள். கம்பர் வழிபட்ட சரஸ்வதி என்று ஊரில் நம்புகிறார்கள். வேளிமலைக் குமாரசுவாமி வருகிறார். சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை பல்லக்கில் வருகிறாள். அரண்மனையில் மன்னரின் உடைவாளை எடுத்துக் கொடுக்க, ஊர்வலம் கிளம்புகிறது. முதல் இரவு குழித்துறை மகாதேவர் கோயிலில் தங்கல். மறுநாள் களியக்காவிளை. அங்கே கேரளப் போலீசார் அணிவகுத்து மரியாதை செய்து சாமிகளை ஏற்றுக்கொள்கிறார்கள். அன்றிரவு நெய்யாற்றின்கரையில் தங்கல். மூன்றாம் நாள்தான் திருவனந்தபுரம். வழியெல்லாம் வீட்டு வாசலில் குத்துவிளக்கு, நிறைபறை, பூ, பழம். பாறசாலைப் பாட்டியம்மைகள் வாசலில் நின்று கும்பிடுகிறார்கள். அந்தச் சாமிகள் தமிழ்நாட்டிலிருந்து வருகின்றன என்று அவர்களில் ஒருவராவது நினைப்பார்களா? தங்கள் வீட்டு வழியாகத் தங்கள் சாமி போகிறது. அவ்வளவுதான்.

அந்தச் சாமிகள் போய்ச் சேர்ந்தபின் அங்கே நவராத்திரி மண்டபத்தில் கச்சேரிகள் நடக்கும். அந்த மண்டபத்தில் பெண்கள் பாடும் வழக்கம் இல்லாமல் இருந்தது. 2006-இல் முதன்முதலாக ஒரு பெண் அங்கே அமர்ந்து பாடினார். அவர் யார்? பாறசாலை பி. பொன்னம்மாள். 1924-இல் பாறசாலையில் பிறந்தவர். எண்பது வயதைத் தாண்டிய பிறகு, அந்த மண்டபத்தின் கதவைப் பெண்களுக்குத் திறந்து வைத்தார். 2021-இல் அவர் மறையும்வரை ஊர்ப்பெயர் அவர் பெயருக்கு முன்னால் நின்றது. இசையுலகத்துக்கு நெய்யாற்றின்கரை வாசுதேவனைத் தெரியும். எளிய தலித் குடும்பத்தில் பிறந்து, ராமநாதபுரம் கிருஷ்ணனிடம் பயின்று, வானொலி வழியாக வீடுவீடாகக் கேட்கப்பட்ட குரல் அவருடையது. அவரும் ஊர்ப்பெயரை விடவில்லை.

நகரத்துக்கு இந்த ஊர்கள் காய்கறியையும் கைவேலையையும் மட்டுமா கொடுத்தன? கேளுங்கள். 1888-இல் நெய்யாற்றங்கரையில், அருவிப்புறத்தில், ஸ்ரீ நாராயண குரு ஒரு கல்லை எடுத்துச் சிவனாகப் பிரதிட்டை செய்தார். கோயிலுக்குள் நுழையக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்கு அவர்களே ஒரு கோயில் கட்டிக்கொள்ளும் துணிவு அந்த ஆற்றங்கரையில் பிறந்தது. அதிலிருந்துதான் பின்னால் 1903-இல் எஸ்.என்.டி.பி. யோகம் வளர்ந்தது. அன்றைய நெய்யாற்றின்கரை வட்டத்து ஊரூட்டம்பலத்தில், பஞ்சமி என்ற தலித் சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு அய்யன்காளி பள்ளிக்கூடத்துப் படி ஏறினார். பள்ளிக்கூடத்தைக் கொளுத்தினார்கள். எரிந்த பெஞ்சு ஒன்றை இன்னும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பள்ளி இன்று அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. அதற்கும் முன்னால், மார்பை மறைத்துத் தோள்சீலை அணியும் உரிமைக்காக எங்கள் பாட்டிமார் அடிபட்டபோது, அந்தப் போராட்டம் கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை என்று வட்டம் வட்டமாகப் பரவியது. 1859-இல் மேலாடைக்கு அனுமதி தந்து அரசு அறிக்கை வந்தது. லண்டன் மிஷன் அந்நாளில் பாறசாலையை ஒரு நிலையமாகவே வைத்திருந்தது. ஜான் ஆப்ஸ் அங்கே நெடுங்காலம் தங்கிப் பள்ளி நடத்தினார். 1938-இல் சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்தபோது, பொறுப்பாட்சி கேட்ட மக்கள்மேல் நெய்யாற்றின்கரையில் துப்பாக்கி முழங்கியது. வீரராகவன் உயிர் கொடுத்தார்.

எண்ணிப் பாருங்கள்! கோயில், பள்ளிக்கூடம், மானம், ஆட்சி. இந்த நான்கிலும் நகரத்துக்கு முன்னால் நடந்தவர்கள் இந்தப் புறநகர்க் கிராமத்தார். இதுதான் இந்த ஊர்களின் குணம். பணிந்து வேலை செய்வார்கள். மானம் என்று வந்தால் எழுந்து நிற்பார்கள்.

இனி அன்றாட வாழ்க்கைக்கு வருவோம்.

பாலராமபுரத்தில் நான்கு தெருக்கள் இருக்கின்றன. ஒற்றைத்தெரு, இரட்டைத்தெரு, விநாயகர் தெரு, புதுத்தெரு. பாலராமவர்மா ஆண்ட காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியில், தெற்கேயிருந்து சாலியர் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். அவர்கள் வீட்டில் இன்றும் தமிழ்தான். வெளுக்கும் முன்னால் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். பிறகு குழித்தறியில் காலை இறக்கி உட்கார்வார்கள். ஓணத்துக்குக் கேரளத்துப் பெண்கள் உடுத்திக்கொள்கிறார்களே, பொன்னிறக் கரை வைத்த வெள்ளை முண்டும் நேரியதும், மலையாளப் பண்பாட்டின் அடையாளம் என்று உலகமே படம் பிடிக்கிறதே, அதில் எத்தனையோ தமிழ் பேசும் நெசவாளர் கையால் நெய்யப்பட்டது. 2009-இல் பாலராமபுரம் கைத்தறிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்தது, கூலி கிடைத்ததா? விசைத்தறித் துணியைப் பாலராமபுரம் என்று சொல்லி விற்கும்போது, நெசவாளி வீட்டுப் பிள்ளை தறியில் உட்கார மறுக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சந்தைக்கு வாருங்கள். பாறசாலைக்காரர் மீன் வாங்கக் களியக்காவிளைக்குப் போவார். களியக்காவிளைக்காரர் வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கும் ஸ்ரீசித்திரா மருத்துவமனைக்கும் ஓடுவார். பனச்சமூட்டுச் சந்தையில் நின்றால் எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்பதைக் கடைப்பலகை பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தோவாளைப் பூவும், விளவங்கோட்டு ஏத்தன் குலையும், கடலோரத்து மீனும் இந்த வழியாகத்தான் திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளத்துக்குப் போகின்றன. அந்தச் சாலைத் தெருவின் வாழ்க்கையைத்தான் ஆ. மாதவன் தம் கதைகளில் எழுதினார். நகரத்தின் இலையில் விழும் சோற்றுக்கும் குழம்புக்கும் பின்னால் இந்த ஊர்களின் முதுகு இருக்கிறது.

1979-இல் கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அது வந்தபிறகுதான், காலையில் நகரத்துக்குப் போய் இரவில் வீடு திரும்பும் வாழ்க்கை முழுதாக அமைந்தது. கொத்தனார், செவிலி, செயலகத்துக் குமாஸ்தா, துணிக்கடைப் பெண், கல்லூரி மாணவி, எல்லோரும் ஒரே பெட்டியில். ஒருவர் தமிழில் கேட்பார். இன்னொருவர் மலையாளத்தில் பதில் சொல்வார். இருவரும் தாங்கள் இரண்டு மொழி பேசுகிறோம் என்பதையே கவனிக்க மாட்டார்கள். அதே 1979-இல் திருவனந்தபுரம் ரயில்வே கோட்டம் அமைந்தது. நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் அந்தக் கோட்டத்துக்குள்தான் இருக்கின்றன. ரயில்வேக்கு மாநில எல்லை தடையாகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு பயன்படும்.

அப்படியானால் அந்தக் கோடு எங்கே வந்தது? எல்லோருக்கும் தெரிந்த வரலாறுதான். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் ஒன்பது வட்டங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டது. நெய்யாற்றின்கரையும் அவற்றில் ஒன்று. மார்ஷல் நேசமணி தலைமை தாங்கினார். 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் தமிழ்நாட்டோடு சேர்ந்து குமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்தத் தியாகத்தை நான் தலைவணங்கிப் போற்றுகிறேன். அந்தக் கோட்டை அழிக்க வேண்டும் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. வட்டத்தை வட்டமாகப் பிரித்தபோது, வட்டங்களுக்கு நடுவில் கலந்து கிடந்த குடும்பங்களை யார் நினைத்தார்கள் என்றுதான் கேட்கிறேன். அண்ணன் விளவங்கோட்டில், தங்கை பாறசாலையில். ஒரே குடும்பத்துக்கு இரண்டு ரேஷன் அட்டை, இரண்டு பாடநூல், இரண்டு முதலமைச்சர்.

கோடு போட்டதன் வலி மெதுவாகத் தெரிந்தது. தண்ணீரைப் பாருங்கள்.

நெய்யாறு அகத்தியமலையில் பிறந்து, நெய்யாற்றின்கரை வழியாக ஓடி, பூவாறில் கடலில் சேர்கிறது. 1958-இல் அணை கட்டி முடிந்தது. வலதுகரைக் கால்வாய் கேரளத்துக்கு. இடதுகரைக் கால்வாய் எல்லை தாண்டி விளவங்கோட்டுக்கும் போனது. தமிழ்நாட்டுப் பக்கம் 9,200 ஏக்கர் அதை நம்பி இருந்தது. 2004-இல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. நெய்யாறு மாநிலங்களுக்கு இடைப்பட்ட ஆறு அல்ல என்பது கேரளத்தின் வாதம். பழைய பாசன உரிமை என்பது தமிழ்நாட்டின் வாதம். 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். கால்வாயில் புல் முளைத்ததே, அதற்கு என்ன பதில்? தண்ணீர் வராத வயலில் விவசாயி வாழை வைத்தான், வாழை காய்ந்தபின் ரப்பர் வைத்தான், ரப்பர் விலை விழுந்தபின் மனையாகப் பிரித்து விற்றான். நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் தண்ணீர் இருந்தும் வயல் நிற்கவில்லை. வயலில் களிமண் தோண்டிச் செங்கல் சூளைக்குக் கொடுத்தார்கள். ஆற்று மணலை அள்ளிக் கரையை இடித்தார்கள். அந்தச் செங்கலும் மணலும் எங்கே போயின? நகரத்தின் மாடி வீடுகளாக எழுந்து நிற்கின்றன.

இது எனக்கு மிகவும் வலிக்கும் இடம். ஊரின் மண்ணையே பெயர்த்து எடுத்துக்கொண்ட நகரம் திருப்பி என்ன அனுப்பியது? கோழிக்கழிவும் இறைச்சிக்கழிவும் மருத்துவக் கழிவும் இரவோடு இரவாக வண்டியேறி எல்லை தாண்டி வருகின்றன. குமரிப் போலீசார் வண்டிகளைத் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ஏழைகளுக்கான ரேஷன் அரிசி திருட்டு வழியில் கேரளத்துக்குப் போகிறது. கல்லும் எம்-சாண்டும் குமரி மலைகளை அறுத்துக்கொண்டு விழிஞ்ஞத்துக்குப் போகின்றன. இரண்டு பக்கமும் குற்றம் இருக்கிறது. எல்லை ஓரம் என்றால் கேட்க ஆள் இல்லாத இடம் என்று சிலர் முடிவு செய்துவிட்டார்கள். அதைத்தான் நாம் மாற்ற வேண்டும்.

2020-ஐ மறந்துவிட்டீர்களா? கொரோனா வந்தது. ஊருக்குள் போகும் சின்னச் சின்னப் பாதைகளில் மண்ணைக் கொட்டி மறித்தார்கள். வெளியூரிலிருந்து திரும்பும் மலையாளிகளை இஞ்சிவிளையில் நிறுத்திச் சோதித்தார்கள். நோயைத் தடுப்பது கடமை, மறுக்கவில்லை. ஆனால் முந்நூறு அடி தள்ளி இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக அண்ணனுக்கு இ-பாஸ் வேண்டியிருந்தது. நகர ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கிக்கொண்டிருந்த புற்றுநோயாளி எல்லையில் நின்றார். நகரத்துக்கு வேலைக்குப் போனவர் வீட்டில் முடங்கினார். அறுபது ஆண்டுகளாகக் காகிதத்தில் இருந்த கோடு அன்று மண்மேடாக முன்னால் நின்றது. அதற்குச் சில ஆண்டு முன்புதான் ஜி.எஸ்.டி. வந்து அமரவிளை வரிச் சோதனைச்சாவடியின் வேலை முடிந்திருந்தது. சரக்குக்குத் தடை போனது. மனிதருக்குத் தடை வந்தது.

பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகத்தோடு தமிழிலேயே எழுத்துப் போக்குவரத்து வைத்துக்கொள்ளலாம் என்கிறது. எத்தனை பேருக்கு இது தெரியும்? எத்தனை வில்லேஜ் ஆபீசில் தமிழ் மனுவை வாங்கிக்கொள்வார்கள்? பாலராமபுரத்து நெசவாளி தன் பேரப்பிள்ளைக்குத் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுக்க நினைத்தால், பக்கத்தில் ஆசிரியர் வேண்டாமா? மலையாளமும் படிக்கட்டும், நன்றாகப் படிக்கட்டும். வீட்டு மொழியில் கையெழுத்துப் போடவும் தெரியட்டும்.

இப்போது அடுத்த அலை வந்துகொண்டிருக்கிறது. கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை பைபாஸ் வந்துவிட்டது. 2025 மே மாதம் விழிஞ்ஞம் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. காரோட்டுக்குத் தெற்கே தமிழ்நாட்டு நான்குவழிச் சாலை வேலை நடக்கிறது. இனி இந்த ஊர்களில் கிடங்கு வரும், கண்டெய்னர் லாரி வரும், மனை விலை ஏறும். வரட்டும்! வேலை வேண்டும்தான். ஆனால் திருவனந்தபுரத்துத் திட்டம் இஞ்சிவிளையோடு நிற்கிறது, சென்னைத் திட்டம் களியக்காவிளையோடு நிற்கிறது. நடுவில் இருக்கிற ஊருக்கு யார் திட்டம் போடுவது? மழைநீர் எந்த வழியாக வடியும், லாரி எங்கே நிற்கும், குப்பை எங்கே போகும் என்று இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு மேசை எங்கே இருக்கிறது?

அந்த மேசையை நாம்தான் போட வேண்டும். ரயில்வேயால் எல்லை தாண்டி ஒரே கோட்டமாக வேலை செய்ய முடிகிறது என்றால், பாறசாலை பிளாக் பஞ்சாயத்தும் தமிழ்நாட்டுப் பக்கத்து மேல்புறம், முஞ்சிறை ஒன்றியங்களும் ஆண்டுக்கு நான்கு முறை ஒரே அறையில் உட்காரக் கூடாதா? கழிவு வண்டியை இரண்டு பக்கத்துப் போலீசும் சேர்ந்து பிடிக்கட்டும். எல்லையோடு திரும்பிவிடும் கிராமத்துப் பேருந்துகள் அடுத்த ஊர்ச் சந்தை வரை போகட்டும். வழக்கு முடியும்வரை இடதுகரைக் கால்வாயில் குடிநீருக்காவது தண்ணீர் விடும்படி இரண்டு அரசுகளும் பேசட்டும். தமிழ் கேட்கும் பிள்ளைக்குத் தமிழாசிரியர் இடத்தைக் காலியாக வைக்காமல் நிரப்பட்டும்.

இதில் எதுவும் நடக்காத காரியமில்லை. கேட்டால்தான் நடக்கும். அடுத்த கிராமசபை கூடும்போது, அந்தப் பக்கம் இருப்பவர்கள் அந்தப் பக்கத்திலும் இந்தப் பக்கம் இருப்பவர்கள் இந்தப் பக்கத்திலும் எழுந்து நின்று ஒரே தீர்மானத்தைக் கொடுங்கள். தமிழில் ஒரு பிரதி, மலையாளத்தில் ஒரு பிரதி. கீழே இரண்டு ஊர்க்காரர் கையெழுத்தும் இருக்கட்டும். அந்தத் தீர்மானத்தை எழுதித் தர நான் தயார். கையெழுத்து வாங்க வீடுவீடாக வர நீங்கள் தயாரா என்று கேட்டு முடிக்கிறேன்.